ஃபர்ஸ்ட் ஓனர் வண்டி அண்ணே!

சாத்தூருக்கு சேவு வாங்கப் போனவன், ஒரு ஆர்எக்ஸ் 100 வாங்கிட்டு வந்திருப்பேன். நூலிழையில தப்பிச்சேன். அந்தக் கதையையும், அதுக்குப் பின்னாடி எங்க வீட்டுல நடந்த இன்னொரு கதையையும் சொல்லணும். பதிவு கொஞ்சம் நீளம்தான். ஒரு டீயைப் போட்டு எடுத்துட்டு வந்து உக்காருங்க மக்களே.

போன தீபாவளிக்கு முந்தின மாசம். எங்க பக்கம் அந்த மாசம் எப்படி இருக்கும்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. விருதுநகர்லேருந்து ஆமத்தூர், திருத்தங்கல் வழியா சிவகாசி வரைக்கும் ரோட்டோரம் பூரா பட்டாசுக் கடை, வெளியூர் நம்பர் கார், "80 சதவீதம் தள்ளுபடி" போர்டு. கையில நாலு காசு புழங்குற மாசம். பழைய வண்டி கன்சல்டிங்காரங்களுக்கும் அதுதான் சீசன்.

கூட வந்த மச்சான்தான் ஆரம்பிச்சு வச்சார். "மாப்ள, ஒரு ஆர்எக்ஸ் நிக்குது. சும்மா பாத்துட்டுப் போயிருவோம்." சும்மா பாக்குறதுன்னு ஒண்ணு உலகத்துல கிடையாதுங்கிறது எனக்கு அப்பத் தெரியல.

கறுப்பு டேங்க். குரோமியம் பளபளன்னு கண்ணைக் குத்துது. புரோக்கர் தம்பிக்கு இருபத்தஞ்சு வயசுதான் இருக்கும், அதாவது அந்த வண்டி பிறந்தப்ப அவர் பிறக்கவே இல்ல. ஆனா பேச்சு மட்டும் பக்கத்துல நின்னு பிரசவம் பாத்த மாதிரி.

"அண்ணே, 86 மாடல். ஃபர்ஸ்ட் ஓனர். ஒரிஜினல் ஜப்பான் எஞ்சின். ஒரு ரிட்டையர்டு வாத்தியார் வச்சிருந்தது. ஞாயித்துக்கெழமை கோயிலுக்குப் போறதுக்கு மட்டும்தான் எடுப்பாரு. ஒண்ணு முப்பத்தஞ்சு சொல்றாங்க. உங்களுக்காகப் பேசலாம்."

(தமிழ்நாட்டுல விக்கிற எல்லாப் பழைய வண்டியும் ரிட்டையர்டு வாத்தியார் வண்டிதான். ரிட்டையர்டு ரவுடி வண்டி ஒண்ணு கூட இதுவரைக்கும் விலைக்கு வந்ததில்ல. :-) )

தம்பி கிக்கரை ஒரு உதை விட்டார். அந்தச் சத்தம் இருக்கே... அதை எழுத்துல கொண்டுவர முடியாது. கேட்டவங்களுக்குத் தெரியும். எங்கப்பா பிரஸ்ல பட்டாசு லேபிள் ஆர்டர் பிடிக்கிற வேலை பாத்தவர். தினமும் விருதுநகர் டு சிவகாசி அந்தச் சத்தத்தோடதான் போவார், வருவார். தெருமுனையில சத்தம் கேட்டதும் அம்மா தோசைக்கல்லை அடுப்புல போடுவாங்க. அந்த ஒரு நிமிஷத்துல நான் சாத்தூர்ல இல்ல. பத்து வயசுப் பையனா டேங்க் மேல உக்காந்திருந்தேன். கை தானா பர்ஸுக்குப் போயிருச்சு.

காப்பாத்தினது நம்பர் பிளேட். டிஎன் 67ன்னு ஆரம்பிச்சது. எங்க விருதுநகர் நம்பர்தான், பாக்க சந்தோஷமாத்தான் இருந்துச்சு. ஆனா டிஎன் போட்டு ரெண்டு இலக்கம் எழுதுற முறை 1988 மோட்டார் வாகனச் சட்டத்தோட வந்தது. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1989 ஜூலையில. அதுக்கு முன்னாடி பதிவான வண்டிக்கெல்லாம் மூணெழுத்து நம்பர்தான். அப்போ 86 மாடல் வண்டிக்கு டிஎன் 67 எங்கிருந்து வந்துச்சு?

மறுபதிவுல நம்பர் மாறியிருக்கலாம், அது தப்பில்ல. ஆர்சியைக் கேட்டேன். முதல் பதிவு 1993ன்னு இருந்துச்சு.

"ஏன் தம்பி, 86ல பொறந்த வண்டி ஏழு வருஷம் எங்க தூங்குச்சு?"

"அது ஆபீஸ்ல தப்பா ஏத்திருப்பாங்கண்ணே."

டார்ச் அடிச்சு சேசிஸ் நம்பரைப் பாத்தேன். அந்த இடத்துல மட்டும் பெயிண்ட் தடியா இருந்துச்சு. நகத்தால சுரண்டினா கீழே பட்டி. கடைசி நாலு எழுத்துல ஒண்ணு லேசா சாஞ்சு நிக்குது, மத்த எழுத்தை விட ஒரு சுத்து பெருசு. கம்பெனியில குத்தின நம்பர் ஒரே அளவுல, ஒரே ஆழத்துல இருக்கும். கையால குத்தினது பல்லு விழுந்த வாய் மாதிரி காட்டிக் கொடுத்துரும்.

"வாத்தியார் போன் நம்பர் குடுங்க, ஒரு வார்த்தை பேசிக்கிறேன்."

"அவரு தவறிட்டாருண்ணே, நாலு வருஷம் ஆச்சு."

"அப்போ ஃபார்ம் 30ல யார் கையெழுத்து?"

"அதெல்லாம் முன்னாடியே வாங்கி வச்சதுண்ணே. நீங்க என்ன, ரொம்பக் கேக்குறீங்க?"

மச்சானைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்துட்டேன். சேவு மட்டும் வாங்கினோம்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

அமெரிக்காக்காரன் மசில் கார்னு ஒண்ணு வச்சிருக்கான். அறுபதுகள்ல வந்த, பெரிய எஞ்சின் போட்ட கார்கள். இன்னிக்கு அதெல்லாம் சொத்து விலை. அங்கேயும் இதே கூத்துதான். பாண்டியாக் ஜிடிஓன்னு புகழ்பெற்ற கார் 1964ல வந்தப்ப அது தனி மாடலே இல்ல. லீமான்ஸ்னு ஒரு சாதா காருக்கு கூடுதலாக் காசு கொடுத்து வாங்கிக்கிற பேக்கேஜ். அதனால 1964, 65 கார்களோட அடையாள எண்ணைப் பாத்தா அது ஜிடிஓவா, சாதா லீமான்ஸான்னு தெரியாது. 1966லதான் தனி மாடலாகி, நம்பர்லயே தெரியிற மாதிரி ஆச்சு. முந்தின ரெண்டு வருஷத்து கார்கள்ல போலிகளுக்கு அது வசதியாப் போச்சு. சாதா காருக்கு ஜிடிஓ வேஷம் கட்டினா பாத்துக் கண்டுபிடிக்கிறது கஷ்டம். அதனால அங்கே விவரம் தெரிஞ்சவன் பெயிண்டைப் பாக்குறதில்ல, கம்பெனியோட பழைய ரெக்கார்டைத்தான் கேக்குறான்.

நம்ம ஊர்ல மசில் கார்னு ஆசையாச் சொல்றது இந்துஸ்தான் மோட்டார்ஸ் கான்டெஸாவை. 1984ல வந்து 2002ல நின்னுபோச்சு. பிரிட்டன்ல வாக்ஸ்ஹால் போட்டுட்டு விட்ட மாடலைத்தான் நாம எடுத்து ஓட்டினோம். முதல்ல அம்பாசடர் குடும்பத்து 1.5 லிட்டர் எஞ்சின், அவ்வளவு பெரிய உடம்புக்கு அது பத்தவே பத்தாது. அப்புறம்தான் இசுஸூ 1.8 பெட்ரோல், டீசல்லாம் வந்துச்சு. அதனால "இசுஸூ பெட்ரோல் சார்"னு காட்டுற கார், டீசலாப் பிறந்து எஞ்சின் மாத்தினதாவும் இருக்கலாம். ஆர்சியில எரிபொருள்னு ஒரு வரி இருக்கும். பேனட்டைத் தூக்குறதுக்கு முன்னாடி அதைப் படிங்க.

ஆனா நம்மள மாதிரி ஆளுங்களுக்குக் கான்டெஸா எட்டாது, நிறுத்த இடமும் கிடையாது. நம்ம மசில் கார் ஆர்எக்ஸ் 100தான். 98 சிசி, 11 குதிரை சக்தி. 1985 கடைசியில வந்து 1996ல நின்னது. ஆரம்பத்துல ஜப்பான்லேருந்து பாகமா வந்து இங்கே கோர்த்தாங்க. அதை வச்சுத்தான் இன்னிக்கும் எல்லா வண்டியும் "ஜப்பான் எஞ்சின்". சிவகாசிக்கே குட்டி ஜப்பான்னு பேரு, அதனால முழுப் பொய்னும் சொல்ல முடியாது போங்க. அதோட பிந்தி வந்த 132 சிசி ஆர்எக்ஸ் 135க்கு 100 ஸ்டிக்கர் ஒட்டி நிறுத்துறதும் உண்டு.

இங்கே ஒண்ணு தெளிவாச் சொல்லிடறேன். மாத்துப் பார்ட்ஸ் போடுறது குத்தமே இல்ல. முப்பது வருஷத்து வண்டிக்கு மட்கார்டு, சைலன்சர், ஸ்டிக்கர் எல்லாம் ஒரிஜினலா இருக்கணும்னு எதிர்பாக்குறது நம்ம தப்பு. "இது மாத்துனது அண்ணாச்சி, டெல்லி சாமான்"னு சொல்லி விக்கிற மெக்கானிக் நல்ல மனுஷன். அவர்கிட்ட வண்டி வாங்கலாம். ஏமாத்து எங்கே இருக்குன்னா, நம்பர்லயும் கதையிலயும்.

அந்தக் கதையிலயே பெரிய பொய் எது தெரியுமா? "ஃபர்ஸ்ட் ஓனர்". அதுல விசேஷம் என்னன்னா, ஆர்சிப்படி அது உண்மையாவே இருக்கும்! முதல் ஆள் ஃபார்ம் 29, 30ல கையெழுத்துப் போட்டு வெத்தாக் கொடுத்துருவார். வாங்கினவர் பேர் மாத்தமாட்டார், அடுத்தவருக்கு அதே ஃபார்மைக் கொடுப்பார். அவர் இன்னொருத்தருக்கு. பத்துக் கை மாறியிருக்கும், ஆர்சியில மட்டும் அதே முதல் பேர். பத்துப் பேரும் அலையாம, ஃபீஸ் கட்டாம மிச்சம் பிடிச்ச காசுலதான் இந்த "ஃபர்ஸ்ட் ஓனர்" பட்டம் உருவாகுது.

வண்டி ஒருநாள் உயிரை விட்டுரும். ஆர்சி சாகாது. பேரீச்சம்பழத்துக்குப் போட்ட வண்டியோட ஆர்சிக்குத் தனியா விலை உண்டு. எங்கேயோ திருடின, பேப்பரே இல்லாத இன்னொரு வண்டியில பழைய நம்பரைத் தேய்ச்சுட்டு இந்த நம்பரைக் குத்தினா முடிஞ்சுது. செத்தவன் பேர்ல ரேஷன் வாங்குற அதே டெக்னிக். வண்டி அழிஞ்சா 14 நாளைக்குள்ள ஆபீஸ்ல சொல்லி ஆர்சியை ஒப்படைக்கணும்னு சட்டத்துல 55ஆம் பிரிவு இருக்கு. எத்தனை பேர் செஞ்சிருக்கோம், கையைத் தூக்குங்க பாப்போம்.

நிற்க. இப்பதான் எங்க வீட்டுக் கதை.

அப்பா அந்த ஆர்எக்ஸை 2002ல வித்தார், 14,000 ரூபாய்க்கு. வாங்கினவர் பிரஸ் பழக்கத்துல தெரிஞ்சவர். "பேர் நான் மாத்திக்கிறேன் அண்ணாச்சி, நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க"ன்னார். அப்பா திண்ணையில உக்காந்து போட்டுக் கொடுத்தார். உள்ளே ஓடிப்போய் பேனா எடுத்துக் கொடுத்தது நான். வண்டி போகுதேன்னு அழுதது ஞாபகம் இருக்கு. அந்தப் பேப்பர் எங்கே போகும்னு எங்க யாருக்கும் தோணல.

அப்பா 2014ல தவறிட்டார். 2019ல அவர் பேருக்கு ஒரு நோட்டீஸ் வந்துச்சு, வேற மாவட்டத்து விபத்து இழப்பீட்டு கோர்ட்லேருந்து. ஒரு பைக் மோதி, சைக்கிள்ல போன ஒரு லோடுமேனுக்குக் கால் போச்சு. பைக்குக்கு இன்சூரன்ஸ் இல்ல. ஆர்சி எங்கப்பா பேர்ல. அம்மாவுக்கு அந்தக் கவரைப் பிரிச்சுப் படிச்சுக் காட்டினப்ப, "அவரு போய் அஞ்சு வருஷம் ஆச்சே, இன்னுமா வண்டி ஓட்டுறாரு?"ன்னு கேட்டாங்க. சிரிக்கிறதா அழுகுறதான்னு தெரியல.

வக்கீலைப் பாத்தோம். 2018ல உச்ச நீதிமன்றம் நவீன் குமார் வழக்குல சொன்னதை எடுத்துக் காட்டினார். வண்டியை வித்து எத்தனை கை மாறியிருந்தாலும், ஆர்சியில யார் பேர் இருக்கோ அவர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பு. வித்தாச்சுன்னு வாயால சொன்னா பிரயோஜனம் இல்ல.

எங்களைக் காப்பாத்தினது அம்மாவோட டிரங்குப் பெட்டி. வண்டி வாங்கினப்ப கொடுத்த பில்லும், பேப்பரை வச்சு பென்சிலால தேய்ச்சு எடுத்த சேசிஸ் பிரிண்டும் அதுல இருந்துச்சு. விபத்து வண்டியை ஆய்வாளர் பாத்த அறிக்கையில, நம்பர் தேய்ச்சு மறுபடி குத்தினதுன்னு வந்துச்சு. அது எங்க வண்டியே இல்ல. எங்க வண்டியோட பேர்ல உலாவின வேற வண்டி. ரெண்டு வருஷம் அலைஞ்சு வெளியே வந்தோம்.

நாங்க தப்பிச்சோம். அந்த லோடுமேன் தப்பிக்கல. ஓட்டினவனுக்கு சொத்து பத்து எதுவும் இல்ல. தீர்ப்பு கிடைச்சாலும் வசூல் பண்ண ஆள் இல்ல. கோர்ட் வராண்டாவுல கட்டையை ஊனி அவர் நின்னுட்டிருந்தது இன்னும் கண்ணுல நிக்குது. ஒருநாள் அவரே எங்கிட்ட வந்து, "தம்பி, உங்க அப்பாவா இருக்காதுன்னு எனக்குத் தெரியும். ஆனா நான் யாரைக் கேக்குறது?"ன்னார். எங்கிட்ட பதில் இல்ல. இப்பவும் இல்ல.

அதனாலதான் சொல்றேன். பழைய வண்டி ஏமாத்துன்னா புரோக்கர் மட்டும்தான் திருடன்னு நினைச்சுக்கிறோம். அவனுக்கு விதைநெல் கொடுத்தது யாரு? வெத்து ஃபார்ம்ல கையெழுத்துப் போட்ட நம்ம அப்பாக்கள். பேனா எடுத்துக் கொடுத்த நாம. "பேர் மாத்தலேன்னா என்ன குடியா முழுகிரும்"னு சொன்ன எல்லாரும். குடி முழுகத்தான் செஞ்சுது, நம்ம குடி இல்ல, சைக்கிள்ல போனவரோட குடி.

"ஏம்ப்பா, ஆசைக்கு ஒரு பழைய பைக் வாங்குறதுக்கு இவ்வளவு கோர்ட்டு கச்சேரி பேசணுமா?"ன்னு மச்சான் கேட்டார். பேசணும் மச்சான். பளபளப்புக்குக் கொடுக்குற காசு ஒருநாள் பெயிண்ட் உரியிறப்ப போயிரும். நம்பர் தப்பா இருந்தா வண்டியே போயிரும். திருட்டு வண்டின்னு தெரிஞ்சா போலீஸ் எடுத்துட்டுப் போகும், கொடுத்த லட்சத்துக்கு ரசீது கூட இருக்காது. தெரிஞ்சே வாங்கினா ஜெயிலும் உண்டு.

இனி நான் கடைப்பிடிக்கப்போறது இதுதான். வேணும்னா நீங்களும் எடுத்துக்கங்க.

1. பரிவாகன் தளத்துல நம்பரைப் போட்டு முதல் பதிவு தேதி, மாடல், எரிபொருள், ஃபைனான்ஸ் பாக்கி எல்லாம் பாக்கணும். பழைய புக் ஆர்சி வண்டி சிலது கம்ப்யூட்டர்ல ஏத்தாமலே இருக்கும். அப்படின்னா, விக்கிறவர் ஆர்டிஓ ஆபீஸ்ல அதை ஏத்திக் கொடுத்த பிறகுதான் பேச்சு.

2. சேசிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் ரெண்டையும் நம்ம கையால பென்சில் பிரிண்ட் எடுத்து ஆர்சியோட ஒப்பிடணும். பட்டி, வெல்டிங், கிரைண்டர் கோடு இருந்தா நடையைக் கட்டணும். எஞ்சின் மாத்தியிருந்தா அது ஆர்சியில ஏறியிருக்கணும்.

3. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தோட தளத்துல வண்டி திருட்டுப் பட்டியல்ல இருக்கான்னு பாக்கலாம்.

4. ஆர்சியில பேர் இருக்கிற மனுஷன் நேர்ல வரணும். இறந்துட்டார்னா வாரிசு பேருக்கு முதல்ல மாறணும். செத்தவர் கையெழுத்துல வண்டி வாங்கக்கூடாது.

5. "வின்டேஜ் பதிவு வாங்கித் தர்றேன்"னா சிரிச்சுட்டு வந்துருங்க. 2021 ஜூலையில வந்த விதிப்படி, முதல் பதிவாகி 50 வருஷம் தாண்டின, உருமாறாத வண்டிக்குத்தான் அது. புதுசாப் பதிய 20,000 ரூபாய். முதல் கான்டெஸாவுக்கே 2034 ஆகணும், ஆர்எக்ஸுக்கு 2035.

6. எஃப்சி முடிஞ்ச வண்டின்னா புதுப்பிக்கிற செலவைக் கணக்குல சேர்க்கணும். 2025லேருந்து 20 வருஷம் தாண்டின வண்டிக்குக் கட்டணமே பைக்குக்கு 2,000, காருக்கு 10,000. பசுமை வரி தனி.

7. "மிலிட்டரியில இருக்கேன், டிரான்ஸ்ஃபர் ஆயிருச்சு, அட்வான்ஸ் போட்டா வண்டியைப் பார்சல்ல அனுப்புறேன்"னு போன்ல பேசுறவனுக்கு ஒத்தை ரூபாய் அனுப்பக்கூடாது. அனுப்பித் தொலைச்சிருந்தா உடனே 1930க்குப் போன் பண்ணுங்க.

8. முக்கியமானது. விக்கிறப்பவும் நாமளே ஆபீஸுக்குப் போகணும். வித்த 14 நாளைக்குள்ள தகவல் கொடுக்கணும்னு சட்டம் சொல்லுது. பேர் மாறின ஆர்சியைக் கண்ணால பாத்த பிறகுதான் தூக்கம்.

சிவகாசியில வளந்தவனுக்கு ஒண்ணு தெரியும். லேபிள்ல எவ்வளவு பெரிய ராக்கெட் படம் போட்டிருந்தாலும், திரியைப் பத்தவச்சாத்தான் உள்ளே மருந்து இருக்கான்னு தெரியும். எங்கப்பா வாழ்நாள் முழுக்க லேபிள் ஆர்டர் பிடிச்சவர். அவர் பேரே ஒரு லேபிளாகி எவனோட வண்டியிலயோ ஒட்டியிருந்துச்சு.

ஆர்எக்ஸ் ஆசை இன்னும் விடல. தேடிட்டுத்தான் இருக்கேன். அஞ்சாறு ஓனர் மாறியிருந்தாலும் பரவாயில்ல, அஞ்சாறு பேரும் ஆர்சியில இருந்தாப் போதும். அதுதான் நிஜமான வண்டி.

டிஸ்கி: நம்ம வீட்டுல முன்னாடி வித்த வண்டியோட பழைய நம்பர் ஞாபகம் இருந்தா, இன்னிக்கு ராத்திரியே பரிவாகன்ல போட்டுப் பாருங்க. இன்னும் உங்க அப்பா பேர்லயே இருந்தா தூக்கம் வராது. வராம இருக்கிறதுதான் நல்லது. காலையில எந்திரிச்சு ஆர்டிஓ ஆபீஸ் போவீங்கல்ல!